ஒரு வள்ளம் விதை

எங்கள் வீட்டில் சேமிப்பு என்ற சொல் புழங்கியதில்லை. என் மனைவி அதை விதை என்றாள். இந்தச் சொல்லை அவள் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. குண்டனி நாடு என்ற மலைப்பகுதியில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த களத்திலிருந்து எடுத்தாள்.

அவள் மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். நான் சமவெளியில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளியல் கற்பித்தேன். திங்கள் விடியலில் இறங்கி வெள்ளி மாலையில் ஏறுவேன். வந்த புதிதில் என் பெயருக்கு முன் முனைவர் பட்டத்தை ஆங்கிலத்தில் எழுதிய பலகை ஒன்றை வாசலில் மாட்டினேன். டாக்டர் என்று படித்துவிட்டு முதல் வாரமே மூன்று பேர் காய்ச்சலுக்கு ஊசி போடச் சொல்லி வந்தார்கள். அடுத்த வீட்டு அம்மாள்தான் அவர்களுக்கு விளக்கம் சொன்னார்: "இவரு படிச்ச டாக்டருங்க, பாக்கற டாக்டரு இல்ல. ஊசி போடறது அந்தம்மா." பலகையை அன்றே கழற்றினேன். ஆணி மட்டும் இன்னும் இருக்கிறது.

அந்த அம்மாளுக்குச் சாமையும் மரவள்ளியும் விளையும் இரண்டு காடுகள் இருந்தன. ஒரு கார்த்திகையில் சாமையை அடித்துத் தூற்றிக் குவித்தபோது, குவியலிலிருந்து யாரும் ஒரு பிடி எடுப்பதற்கு முன் அவர் ஒரு வள்ளம் அளந்து, சாம்பல் கலந்து, சுரைக்குடுக்கையில் கொட்டி அடைத்தார். வள்ளம் என்பது இங்கே நான்கு படி கொள்ளும் அளவை. அந்த ஆண்டு விளைச்சல் மிகக் குறைவு. அப்படியிருந்தும் ஏன் முதலில் விதை என்று என் மனைவி கேட்டாள்.

"மொதல்ல அத எடுத்து வெச்சுட்டாத்தானுங்க மிச்சத்தத் திங்க மனசு வரும்" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் அதுவரை செலவு போக மிஞ்சியது சேமிப்பாக இருந்தது. பெரும்பாலும் மிஞ்சாது. அடுத்த மாதத்திலிருந்து என் சம்பளம் முழுவதும் விதை, அவள் சம்பளம் சோறு என்று ஆயிற்று. அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. என்ன நோக்கம் என்று நான் கேட்டேன், வகுப்பறைக் கேள்விதான். அவள் தயங்காமல் சொன்னாள்: "அம்பது வயசுக்குள்ள என்னோட பகல் எனக்கு வேணுமுங்க. காலையில எந்திரிச்சா யாருக்கும் கையெழுத்துப் போடாத பகல்."

அவளுடைய சிக்கனத்தில் கஞ்சத்தனத்தின் சாயல் துளியும் இருந்ததில்லை. அதைத்தான் நான் இன்றும் வியக்கிறேன். விருந்தினருக்கு நெய் ஊற்றும்போது அவள் கை நடுங்கியதில்லை. குளிர் ஊரில் குளிர்பதனப் பெட்டி எதற்கு என்று கேட்டாள். கேட்டதோடு சரி, வாங்கவில்லை. பருத்தி, மருந்து, செருப்பு எல்லாம் அடிவாரத்துக் காரவள்ளிக்குக் கீழே போனால்தான் மலிவு. ஆகவே வீட்டுக்கு ஏதாவது வேண்டுமென்றால் சமையலறைக் கதவின் பின்புறம் ஒட்டியிருந்த தாளில் எழுத வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் சேர்ந்து இறங்கும் நாளில், பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பிக்கொண்டிருக்கும்போது, அவள் அந்தத் தாளை வாய்விட்டு வாசிப்பாள். எழுதியவரே சில சமயம், "இது எதுக்கு?" என்று கேட்பார். அடிவாரம் வருவதற்குள் பட்டியல் பாதியாகிவிடும். எங்கள் மகள் எட்டாம் வகுப்பில் எழுதிய ஒரு நீலக் குடை மட்டும் ஐந்து இறக்கங்கள் அடிபடாமல் நின்றது. ஆறாவது இறக்கத்தில் அதைக் கடைவீதியிலேயே விலை உயர்ந்த குடையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தாள். "இத்தன மாசம் மறக்காத ஆச, நெசமான ஆசைங்க" என்றாள். விருப்பத்துக்கும் தேவைக்கும் இடையிலான வேறுபாட்டை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருநாளும் விளக்கியதில்லை.

ஆறு ஆண்டுகள் இப்படிப் போயின. உடன் பணிபுரிந்தவர்கள் எல்லோரும் கார் வாங்கிவிட்ட ஒரு வைகாசியில் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. முற்றத்தில் நின்று, வழக்கத்துக்கு மாறாக உரத்த குரலில், "விதைதான் வீட்டில் நிறைய இருக்கிறதே, கொஞ்சம் எடுத்தால் என்ன?" என்றேன். மறுநாள் காலை அடுத்த வீட்டு அம்மாள் இடுப்பில் வள்ளத்துடன் வந்து நின்றார்.

"ஏனுங்க நர்சம்மா, ஊட்டுல விதை நெறைய இருக்குதுன்னு சார் சொன்னது காதுல விழுந்துச்சுங்க. எங்க குடுக்கையில மழத்தண்ணி எறங்கி அத்தனையும் மொளச்சுப் போச்சு. ஒரு வள்ளம் குடுத்தா அறுப்புல ஒன்னேகால் வள்ளமாத் திருப்பிடறேன்."

என் மனைவி சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. "அய்யோ, அது சாமை இல்லீங்கக்கா. சம்பளத்துல எடுத்து வெச்ச பணம். பேங்குல கெடக்குது."

"பணத்தையா விதைங்கறீங்க? எத்தன வருசமா வெச்சிருக்கீங்க?"

"ஆறு வருசமா."

"ஆறு வருசமா வெதைக்காமயா? இந்நேரம் செத்துருக்குமுங்க!"

நான் குறுக்கிட்டேன். வங்கியில் இருக்கும் பணம் சாகாது, வட்டியோடு வளரும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"செரிங்க சார், வளருது. எப்ப அறுப்பீங்க?"

நான் வட்டி விகிதத்தைச் சொல்லத் தொடங்கினேன். "படிச்ச டாக்டருக்கே தெரியலீங்களாமா" என்று என் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, விதைக்காக வேறு வீட்டை நோக்கிப் போனார்.

அன்று மாலை கார் பேச்சு எழவில்லை. அவள் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்: "எப்பங்க அறுக்கறது?" எங்கள் ஆண்டுச் செலவைக் கணக்கிட்டோம். அதைப்போல இருபத்தைந்து மடங்கு சேர்ந்தால் இருவரும் வேலையை விட்டுவிட்டு வட்டியில் வாழலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் அந்த எண்ணைக் கதவுத் தாளின் தலைப்பில் எழுதினாள்.

அவளுடைய நாற்பத்தொன்பதாம் வயதில் அந்த எண் வந்தது. வந்த மாலை அவள் சோளக்காட்டுச் சந்தையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். நான் பழத்தைத் தின்றுகொண்டே, இருபத்தைந்து போதாது, முப்பது வேண்டும் என்றேன். விலைவாசி, நோய், நீண்ட ஆயுள் என்று காரணங்களை அடுக்கினேன். ஒவ்வொரு காரணமும் சரியானது. இன்று ஒரு மாணவன் எழுதிக் கொடுத்தாலும் முழு மதிப்பெண் தருவேன். அவள் மட்டும் தனியாக வேலையிலிருந்து விலகியிருக்கலாம். "எறங்கறதானாச் சேந்தே எறங்கலாங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். இன்னும் ஒரு வருடம் என்று நான் மூன்று முறை சொன்னேன்.

ஐம்பத்திரண்டில் அவள் பகல்கள் அவளுக்குக் கிடைத்தன. கிடைத்ததும் அவள் செய்த முதல் காரியம், அடுத்த வீட்டு அம்மாளிடம் அரை ஏக்கர் காட்டைக் குத்தகைக்கு எடுத்தது. பிடிபிடியாகச் சாமையை வீசி விதைக்கக் கற்றுக்கொண்டாள். முதல் ஆண்டு திட்டுத்திட்டாக முளைத்தது. "நர்சம்மா ஊசி போட்ட எடத்துல மட்டும் மொளச்சிருக்குது" என்று அந்த அம்மாள் சொன்னதை அவள் ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். இரண்டாம் ஆண்டு நன்றாக வந்தது. குவியலிலிருந்து முதலில் ஒரு வள்ளம் அளந்து, சாம்பலும் நொச்சியிலையும் கலந்து, சுரைக்குடுக்கையில் அடைத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். அடுத்து வந்த மாசியில் இறந்துபோனாள். நோய் சில வாரங்களே நீடித்தது; மருத்துவச் செலவு நான் ஒதுக்கியிருந்ததில் கால் பங்குகூட ஆகவில்லை.

கையெழுத்துப் போடாத பகல்கள் ஒன்றே முக்கால் ஆண்டு. என் முப்பது மடங்கு எடுத்துக்கொண்டது மூன்று ஆண்டு. இதை நான் ஒருமுறை கணக்கிட்டேன், மறுபடி கணக்கிடவில்லை.

அந்த ஆனியில் நான் விதைக்கவில்லை. குடுக்கையைத் தொடவும் இல்லை. இந்த ஆண்டு வைகாசியில் பழைய கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: மீண்டும் ஒரு வருடம் வந்து கற்பிக்க முடியுமா என்று. சம்மதக் கடிதம் எழுதி, உறையில் இட்டு, மேசையில் வைத்திருந்தேன். முதல் மழை பெய்த மறுநாள் அடுத்த வீட்டு அம்மாள் வள்ளத்துடன் வந்தார்.

"போன வருசம் பன்னி பூந்து சாமையப் பூராவும் அழிச்சுப்போட்டுதுங்க சார். விதைக்கே இல்ல. நர்சம்மா வெச்சதுல ஒரு வள்ளம் குடுங்க."

அவள் கையால் அடைத்தது அது, திறக்க மனமில்லை என்றேன்.

அவர் குடுக்கையை அண்ணாந்து பார்த்தார். "கும்புடறதுக்கா வெச்சாங்க அந்தம்மா? ஏற்கெனவே போன வருச மழ போயிருச்சு. இந்த மழைக்கும் போடலீன்னா அது விதை இல்லீங்க, வெறும் தானியம்."

"இப்போதே செத்திருந்தால்?"

"படிச்ச டாக்டருதானுங்களே, பரிசோதன பண்ணிப் பாருங்க."

அவர் போன பிறகு நாற்காலி போட்டு ஏறிக் குடுக்கையை இறக்கினேன். நொச்சியிலை பொடிந்து வந்தது. இருபது மணிகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றிக் கிண்ணத்தில் வைத்தேன். ஐந்து நாள்கள் துணி உலராமல் பார்த்துக்கொண்டேன். அந்த ஐந்து நாள்களும் மேசையிலிருந்த உறையை அஞ்சலில் சேர்க்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. அஞ்சலகம் இருக்கும் சோளக்காடு வரை போய்வந்தால் துணி காய்ந்துவிடும். ஆறாம் நாள் பிரித்தபோது பதின்மூன்று மணிகள் வெள்ளை முளை விட்டிருந்தன. ஏழு விடவில்லை. அந்த ஏழையும் நான் நெடுநேரம் பார்த்தேன்.

அந்த அம்மாளை அழைத்துக் கிண்ணத்தைக் காட்டினேன்.

"போதுமுங்க. கொஞ்சம் அடத்தியா வெதச்சாச் செரியாப் போயிரும்" என்றார்.

குடுக்கையைக் கவிழ்த்து வள்ளத்தில் அளந்தேன். தலை தட்டாமல், குவிந்தபடியே கொடுத்தேன். அவர் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் குடுக்கையிலேயே திரும்பப் போட்டார். இந்த மலையில் விதைக் குடுக்கையை வெறுமையாக விடமாட்டார்கள். திருப்பித் தர வேண்டியதில்லை என்று நான் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதென்ன பேச்சுங்க? ஒன்னேகால் வள்ளம், நர்சம்மாகிட்ட அன்னிக்குச் சொன்ன கணக்கு. ஆனா ஊட்டுல கொண்டாந்து தரமாட்டேன். அறுப்பன்னிக்குக் களத்துக்கு வந்து நீங்களே அளந்து எடுத்துக்கோணும். மொதல்ல விதை, அப்பறந்தான் மத்ததெல்லாம். இல்லீன்னா குவியல்ல யாரும் கை வெக்க முடியாதுங்க."

வருகிறேன் என்றேன்.

அன்றே உறையைக் கிழித்துவிட்டுக் கல்லூரிக்கு வேறு கடிதம் எழுதினேன். அழைப்புக்கு நன்றி தெரிவித்தேன். கார்த்திகையில் எனக்குக் களத்தில் வேலை இருப்பதால் வர இயலாது என்று காரணமும் குறிப்பிட்டேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, அவர் விதைப்பதைப் பார்க்கக் காட்டுக்குப் போனேன். பகல் பதினோரு மணி இருக்கும்.