நடு டின் மட்டும் பேசவில்லை

எங்கள் தோட்டத்தில் பன்னீர் திராட்சை. பழம் கறுக்கத் தொடங்கினால் மைனாக்கள் கூட்டமாக வந்துவிடும். பக்கத்துத் தோட்டத்து மதினி ஒரு சத்தம் போட்டால் போதும், அவர்கள் பந்தலில் ஒன்றும் தங்காது. எனக்குக் கத்த வராது. வாயைத் திறந்தால் வெட்கம்தான் முதலில் வரும்.

அதனால் என் கணவர் பந்தலுக்கு அடியில், நடைபாதை நெடுக ஒரு கயிறு கட்டினார். அதில் காலி எண்ணெய் டின்களைத் தொங்கவிட்டு உள்ளே கல் போட்டார். ஒரு முனையில் நான், மறுமுனையில் அவர். அவர் சீழ்க்கை அடித்ததும் இருவரும் ஒரே சமயத்தில் கயிற்றை ஆட்ட வேண்டும்.

எல்லா டின்களும் அலறின, நட்டநடுவில் தொங்கியதைத் தவிர. மைனாக்கள் அதைக் கண்டுகொண்டன. நல்ல கொத்துகள் எல்லாம் அங்கேதான். வியாபாரி அந்த வாரமே பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். கொத்திய பழத்தை அவர் தொடக்கூட மாட்டார்.

கணவர் டின்னை மாற்றினார், கல்லைக் கூட்டினார். பலனில்லை. மதினி வேலி தாண்டி வந்து நடுவில் நின்றார்.

"ஏண்ணே, உங்க டின்னு மதினி மாதிரியே இருக்கு. வாயே தொறக்கல!" என்று என்னைக் காட்டிச் சிரித்தார். நானும் அவருக்கு மதினிதான்.

"நீ சிரிச்சது போதும். என்ன ஆகுதுன்னு பாத்துச் சொல்லு" என்றார் கணவர்.

அவர் சீழ்க்கை அடித்தார். ஆட்டினோம்.

"அங்கன இருந்து ஒரு மேடு ஓடி வருது, இங்கன இருந்து ஒரு பள்ளம் ஓடி வருது. ரெண்டும் இந்த டின்னுகிட்ட வந்து காணாமப் போயிருதுண்ணே!"

காணாமல் போகவில்லை. மறுமுனையில் கணவர் ஆட்டிய ஆட்டம் ஒவ்வொரு முறையும் என் கைக்கு வந்து இடித்துக்கொண்டுதான் இருந்தது. கயிறு இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆட்டம் மட்டும் ஓடுகிறது. பிறகு ஏன் நடுவில் ஒன்றுமில்லை?

மேலே பார்த்தேன். கயிறு என் தலைக்கு மேலே இருந்தது. நான் ஒவ்வொரு முறையும் எட்டிப் பிடித்துக் கீழே இழுத்தேன். அவர் நின்ற பக்கம் தரை உயரம், அவருக்குக் கயிறு நெஞ்சளவுதான். அதனால் அவர் மேலே தூக்கி உதறினார். என் பள்ளத்தை அவர் மேடு நடுவில் வந்து நிரப்பிவிடுகிறது!

இதை அங்கிருந்தே கத்திச் சொல்லியிருக்கலாம். நான் பந்தல் முழுக்க நடந்துபோய் அவர் காதருகே சொன்னேன்.

"நீங்களும் கீழ இழுங்க."

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் நடந்து வந்த?"

திரும்பி நடந்தேன். சீழ்க்கை. இருவரும் கீழே இழுத்தோம். நடு டின் துள்ளிக் குதித்தது. மைனாக்கள் தெறித்துப் பறந்தன. பக்கத்திலேயே நின்ற மதினி, "ஆத்தாடி!" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

வியாபாரி நடுக்கொத்துகளைக் கையில் ஏந்திப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை.

மறுவாரம் மதினி பந்தலிலும் ஒரு கயிறு ஏறியது. "மதினி, மேலயா கீழயா?" என்று ஊருக்கே கேட்கும்படி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். நான் வேலியோரம் போய் நின்று, கையைக் கீழே காட்டினேன்.