சைடு டிரம்மும் சுதந்திர தினக் கேசரியும்

ஏழாம் வகுப்பில் என்னைப் பள்ளி பேண்டில் சேர்த்துக்கொண்டதற்கு என் திறமை காரணமில்லை. சைடு டிரம் அடித்துக்கொண்டிருந்த ஒருத்தி அம்மை போட்டு ஊருக்குப் போய்விட்டாள். அவளுடைய தொப்பி என் தலைக்குச் சரியாக இருந்தது. ஏற்காட்டில் கன்னியர் நடத்திய அந்தப் பள்ளியில் பேண்டு என்றால் விடுதிப் பிள்ளைகளின் சொத்து. காப்பி எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டிலிருந்து நடந்து வருகிறவள் உள்ளே நுழைந்தது தொப்பியின் புண்ணியம்.

கற்றுக்கொடுத்தது பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி. சேலத்துக்காரி, பேண்டுக்குத் தலைவி, கண்டிப்பில் எங்கள் கணக்கு டீச்சரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். டிரம்மைத் தொடவே விடவில்லை. பெஞ்சின்மேல் பழைய லாரி டயர்த் துண்டு ஒன்றைப் போட்டு, இரண்டு குச்சிகளைக் கையில் கொடுத்தாள்.

"வலது கைல ரெண்டு அடி, அப்பா அப்பா. இடது கைல ரெண்டு அடி, அம்மா அம்மா. மெதுவா."

என் அப்பா கணீரென்று விழுந்தார். அம்மா முனகினாள். இடது கைக்கு அதுவரை வீட்டில் பெரிய வேலை எதுவும் கொடுத்ததில்லை. திடீரென்று கொடுத்ததும் அது முறுக்கிக்கொண்டது.

"ஏன்டி, உங்க ஊட்டுல அம்மாவுக்குச் சோறே போடறதில்லையா?" என்று அக்கா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் குச்சியைக் கீழே வைக்கவில்லை.

அதன் பிறகுதான் உண்மையான பாடம். இரட்டை அடியில் இரண்டாவதை நாம் அடிக்கக் கூடாது. முதல் அடியில் துள்ளுகிற குச்சியை இறுக்கிப் பிடிக்காமல் விட்டால் அதுவே இன்னொரு முறை விழும். "விடு, விடு" என்று அக்கா என் மணிக்கட்டைத் தட்டிக்கொண்டே இருப்பாள். அடிக்கக் கற்றுக்கொள்ள வந்தவளுக்கு விடக் கற்றுக்கொடுத்தால் எப்படி இருக்கும்? குழப்பமாகத்தான் இருந்தது. ஒருநாள் குச்சி தானாகத் துள்ளியபோது பயந்துபோய் நிறுத்திவிட்டேன். பிறகு வேகம் கூடக்கூட, தகரத்தில் காப்பிக்கொட்டையைக் கொட்டுகிறாற்போல அடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே ஓசையாக ஓடின. அதற்குப் பெயர் ரோல். அதற்கும் மேலே ஒரு படி இருந்தது: வேகத்தைக் கூட்டாமல் சத்தத்தை மட்டும் கூட்டிக் கூட்டிக் கொண்டுபோவது. அதைச் சொல்லிக்கொடுத்த அன்றுதான் டிரம்மை என் தோளில் மாட்டினாள்.

வீட்டில் பழக, காப்பிச் செடியில் நேராக வளர்ந்த இரண்டு வாதுகளை ஒடித்துவந்து மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அடித்தேன். வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். கத்தவில்லை. என் கையிலிருந்து குச்சிகளை வாங்கி அடுப்பில் வைத்தார்.

"நம்மூட்டுக்கு இது வேண்டாஞ் சாமி."

அவ்வளவுதான். அப்பா அடித்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். பேண்டுக்குப் போகக் கூடாது என்கிறாரா, வீட்டில் அடிக்கக் கூடாது என்கிறாரா என்று தெரியாமல் இரவெல்லாம் புரண்டேன். அந்த டிரம் போய்விட்டால் நான் மறுபடி கடைசி பெஞ்சுதான்.

அம்மாதான் காலையில் வேறு இரண்டு வாதுகளை வெட்டிப் பட்டை சீவி, என் பைக்குள் வைத்தாள். "அப்பனுக்கு எதிர்க்க மட்டும் அடிக்காத கண்ணு. நா பேசிக்கிறேன்." என்ன பேசினாளோ, அப்பா அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சுதந்திர தினத்துக்கு வருவீர்களா என்று நானே கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றார்.

அன்று காலை துணியெல்லாம் ஈரமாகிற பனி. கொடி ஏறும்போது ரோல் அடிக்க வேண்டியது நான் ஒருத்தி மட்டும். நாலு பேர் அடித்தால் கசகசவென்று இருக்கும் என்று அக்கா முடிவு செய்திருந்தாள். சிறப்பு விருந்தினர் எங்கள் எஸ்டேட் மேனேஜர். அவர் கயிற்றைப் பிடித்ததும் மெல்லத் தொடங்கினேன். அவர் இழுத்தார். முடிச்சு அவிழவில்லை. கயிறு ஈரத்தில் ஊறி இறுகிவிட்டிருந்தது. மறுபடி இழுத்தார். கம்பம் ஆடியது, கொடி அசையவில்லை.

கொடி விரியும்வரை ரோல் நிற்கக் கூடாது. அக்கா கண்ணை உருட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரில் மாஸ்டர் ஓடிவந்து கயிற்றை உதறினார். என் தோள் பற்றி எரிந்தது. இடது கை கல்லாகப் போகிற நேரத்தில் மணிக்கட்டைத் தளர்த்தினேன். குச்சி தானாகத் துள்ளிக்கொண்டு போனது. சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கடைசியில் பூக்கள் கொட்டின. கொடி துவைத்துப்போட்ட துண்டுபோல ஈரமாகத் தொங்கியது. அதற்கு எல்லோரும் விறைப்பாக வணக்கம் வைத்தோம். அக்கா தலையை ஒருமுறை ஆட்டினாள். அவளிடமிருந்து அதற்குமேல் யாரும் வாங்கியதில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவரோரம் நின்ற பெற்றோர்களைப் பார்த்தேன். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா நின்றாள். அப்பா இல்லை. என் வாழ்நாளின் மிகச் சிறந்த ரோலை அவர் கேட்கவில்லை என்று ஆத்திரமாக வந்தது.

பேண்டுப் பிள்ளைகளை விருந்தினரோடு உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். ஹாலில் நீள பெஞ்சு, உப்புமா, கேசரி. எனக்கு எதிரே மேனேஜர். "கை வலிக்கலையாம்மா?" என்று கேட்டபடி தண்ணீர் ஜக்கை என் பக்கம் தள்ளினார். நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே அப்பா. தலைத்துண்டு கையில் இருந்தது. உள்ளே வரச்சொல்லிக் கையை ஆட்டினேன். அவர் வரவில்லை. நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்வரை அதே இடத்தில் நின்றார்.

வீடு திரும்பும் வழியில் அம்மா அவரிடம், "முடிச்சு அவுரவே இல்லீங்க, இவ நிறுத்தவே இல்ல" என்று பெருமையாகச் சொன்னாள். அப்பா தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பக்கத்துல ஆரு கண்ணு உக்காந்திருந்தது?"

"எங்க டீச்சருங்க."

"எலைல போட்டாங்களா, தட்டுலயா?"

"தட்டுலதானுங்கப்பா. எல்லாத்துக்கும் தட்டுதான்."

"தண்ணி?"

"டம்ளர்ல."

"ஆரு டம்ளரு?"

"அங்கிருந்த டம்ளருதானுங்க. ஏனுங்கப்பா?"

மலையேறி வருவதற்கு முன், கீழே ஊரில் சாவு விழுந்த வீட்டுக்கெல்லாம் பறையடிக்க அப்பாவைத்தான் கூப்பிட்டனுப்புவார்கள் என்பதும், அடித்து முடித்தவர்களுக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இலை போட்டு, தண்ணீரைக் கையில் ஊற்றுவார்கள் என்பதும் எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கோபம் ஒன்றுதான்.

அப்பா தம்பியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, "கேசரி ரெண்டாந்தரம் கேட்டா போடுவாங்களா கண்ணு?" என்றார்.

"போட்டாங்க" என்றேன் வெடுக்கென்று.

அப்பாவுக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.