நான்காவது போல்ட்

பேய், ஜின், காற்று பட்டது என்று யாராவது என் பட்டறையில் பேச்செடுத்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பவன் நான். இப்போதும் பாதி சிரிப்பேன். மீதிப் பாதி எங்கே போனது என்றுதான் சொல்லப்போகிறேன், நடுவில் நீங்கள் உதட்டைப் பிதுக்குவீர்கள் என்று தெரியும், பிதுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டுப் பிதுக்குங்கள். இன்னொன்று, இதில் ராத்திரியே கிடையாது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் சுள்ளென்று அடிக்கும்போது நடந்தது.

மும்பை தாராவியில் முப்பத்து நாலு வருஷமாக எனக்கு ஒரே வேலை, வண்டியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட். கியர்பாக்ஸ் சுழல்வதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழாய் அது. வண்டி எந்த வேகத்தில் எப்படி ஆடுகிறது என்று என் உள்ளங்கையை சீட்டில் வைத்தால் போதும், எது கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம். முதுகுக்குக் கீழே ஆடினால் ஷாஃப்ட். தற்பெருமை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேலப்பாளையம் காசிம் பாய் சொன்னால் சரியாக இருக்கும் என்று முலுண்ட் வரைக்கும் பேச்சு உண்டு.

அந்த நம்பிக்கையில்தான் முருகேசன் வந்தான். பிக்கப் வண்டி ஓட்டுகிறவன், நாற்பது வயது, எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். எழுபதைத் தொட்டால் வண்டி உதறுகிறதாம். வண்டி அவன் மனைவியின் அண்ணனுடையது. அந்த மச்சான் ஓட்டினால் உதறவில்லை, மூன்று மெக்கானிக் பார்த்தும் ஒன்றும் இல்லை. இவனோ அறுபதுக்கு மேல் போக மாட்டேன் என்கிறான், லோடு எல்லாம் தாமதம்.

"எனக்குக் கிறுக்கு புடிச்சிருக்குன்னு மச்சான் சொல்லுதான் பாய். இந்த மாசத்தோட சாவியக் குடுத்துட்டு வீட்ல இருன்னுட்டான். வண்டி ஆடுது பாய், சத்தியமா ஆடுது" என்றான். கண் இரண்டும் தூக்கத்தைப் பார்த்துப் பல நாள் ஆனது போலச் சிவந்திருந்தன.

"ஆடுச்சுன்னா ஏக்தம், ஒடனே புடிச்சிருவேன், ஆடலன்னா ஒன்னயப் புடிச்சுக் குடுத்துருவேன். வா" என்றேன்.

சயானில் ஏறி ஹைவேயில் முலுண்ட் பக்கம் போனோம். முதலில் நான் ஓட்டினேன். அறுபது, எழுபது, எண்பது, வண்டி எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மச்சான் சொன்னது சரிதான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஓரம் கட்டி அவனை ஓட்டச் சொன்னேன். எழுபதைத் தொட்டான். நம்பினால் நம்புங்கள், சீட்டுக்கு அடியிலிருந்து கிளம்பியது பாருங்கள் ஓர் அதிர்வு, டாஷ்போர்டில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் நகர்ந்து வந்து என் மடியில் விழுந்தது. நியூட்ரலில் போடச் சொன்னேன், போட்டான், அப்போதும் ஆடியது, ஆகவே இன்ஜின் இல்லை, அவன் காலை வைக்கிற தினுசும் இல்லை. உள்ளங்கையை சீட்டில் அழுத்தி வைத்தேன். எனக்குத் தெரிந்துபோயிற்று.

"ஏல, ஃபிளாஞ்சுல நாலு போல்ட்டு இருக்கணும். மூணுதான் இருக்கு. ஒண்ணு இல்ல" என்றேன்.

அவன் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. நான் சொன்ன சேதிக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, இருபது நிமிஷ வேலை. அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

பட்டறைக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்தேன். ஷாஃப்டைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் இரும்பு வட்டுதான் ஃபிளாஞ்ச். அதில் நாலு போல்ட்டும் இருந்தன. நாலும் கெட்டி. ஸ்பானர் போட்டுப் பார்த்தேன், இம்மி அசையவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஷாஃப்டைக் கழற்றினேன், இணைப்புகளைப் புதிதாகப் போட்டேன், பேலன்ஸ் பார்த்தேன், சக்கரங்களை மாற்றினேன். அடுத்த ஞாயிறு அதே ரோடு. நான் ஓட்டினால் ஒன்றுமில்லை. அவன் ஓட்டினால் எழுபதில் அதே மூன்று போல்ட் ஆட்டம்.

அதற்கப்புறம் நான் செய்ததைக் கேளுங்கள். கோளாறு எதில் என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதுதான் எங்கள் முறை. வண்டியில் மாற்ற இனி ஒன்றும் இல்லை, ஆகவே வண்டியையே மாற்றினேன். பட்டறைக்கென்று நான் வைத்திருக்கும் பிக்கப், அதில் ஒவ்வொரு போல்ட்டும் என் கையால் முடுக்கியது, வாங்கிய நாளிலிருந்து வேறொருவரும் தொட்டதில்லை. அதில் அவனை உட்காரவைத்தேன். விக்ரோலி தாண்டி முள் எழுபதுக்கு வந்தது. என் வண்டி, அல்லாஹ் மேல் ஆணையாக, என் வண்டி உதறியது. மறைக்க என்ன இருக்கிறது, பயந்துவிட்டேன்.

முருகேசன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் மடியில் வைத்தான். உள்ளே ஒரு ஃபிளாஞ்ச் போல்ட், நட்டோடு, புத்தம் புதுசு.

பிறகு அழுதுகொண்டே சொன்னான். வடாலாவில் இவர்கள் வண்டி நிறுத்தும் மைதானத்தில் ஒருவன் வண்டியிலிருந்து இன்னொருவன் ஜாக்கி, கயிறு, ஸ்டெப்னி எடுப்பது சகஜம், சாயங்காலம் திருப்பிவைத்துவிட்டுச் சொன்னால் போதும். ஒரு நாள் லோடு ஏற்றியபின் இவன் வண்டியில் ஒரு ஃபிளாஞ்ச் போல்ட் மரை தேய்ந்து கழன்றுவிட்டது. பக்கத்தில் கூட்டாளி தங்கராஜின் வண்டி, இதே மாடல். அவனுக்கு அன்றைக்கு லோடு இல்லை, டீக்கடை பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான். இவன் அதிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டு போனான். வழியிலேயே புதுசு ஒன்று வாங்கிவிட்டான். சாயங்காலம் மாட்டிவிடலாம் என்று வந்தால் தங்கராஜின் வண்டி இல்லை. திடீரென்று லோடு வந்து, நாசிக் போயிருந்தான்.

"கசாரா மலை இறக்கத்துல ஷாஃப்ட்டு கழண்டு விழுந்து வண்டி கவுந்துட்டு பாய். ஆளு அங்கனயே முடிஞ்சுட்டான். பழைய வண்டி, துருப்புடிச்சுப் போச்சுன்னு எல்லாரும் சொன்னாவ. நானும் ஆமாம்னேன். ரெண்டு வருசமா ஆமாம்னேன்."

நான் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "தங்கராஜ் பொஞ்சாதி எங்க இருக்கா?" என்று கேட்டேன். திலக் நகர் என்றான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

தங்கராஜை நான் பார்த்ததில்லை, அவன் மனைவி செல்வியையும் அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். மூன்றாவது மாடியில் ஓர் அறை. கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை, முருகேசனையே பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டினாள்.

"போல்ட்ட கொண்டாந்துட்டியளா அண்ணே?"

முருகேசன் வாசலிலேயே உட்கார்ந்தான். தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் சொன்னான். அவள் நின்றபடியே கேட்டாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, ஆனால் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புதிதாகத் தெரியவில்லை. "ஒனக்கு யாரும்மா சொன்னா?" என்று நான்தான் கேட்டேன்.

"அவியதான் சொன்னாவ" என்றாள். பிறகு முருகேசனிடம், "கோவமெல்லாம் இல்லண்ணே. முருகேசன் கொண்டாந்து தருவான், வாங்கி வையின்னுதான் சொன்னாவ. நீங்க வர்றதுக்குத்தான் இம்புட்டு நாளாயிட்டு" என்றாள்.

நான் நீட்டிய உறையை வாங்கி முருகேசன் அவள் கையில் வைத்தான். தங்கராஜ் எப்போது சொன்னான் என்று நான் கேட்கவில்லை. திரும்பும்போது முருகேசன்தான் ஓட்டினான். எழுபது, எண்பது, எண்பத்தைந்து. என் உள்ளங்கைக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. மறுநாள் அவனே மச்சானிடம் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னான். ஒரு வாரம் கழித்து மச்சான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஒருவேளை தங்கராஜ் கிளம்பும் முன் குனிந்து போல்ட் இல்லாததைப் பார்த்திருக்கலாம், வீட்டுக்கு போன் செய்திருக்கலாம், நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் செல்வி அன்று எங்களுக்குக் காபி கொண்டுவந்தாள். இரண்டு டம்ளர். முருகேசனுடையதில் சர்க்கரை இருந்தது, என்னுடையதில் இல்லை. மறந்துவிட்டாளோ என்று நிமிர்ந்தேன். "ஒங்களுக்குச் சீனி ஆகாதுன்னும் சொன்னாவ பாய்" என்றாள்.

எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ரிப்போர்ட் பட்டறையில் டூல் பெட்டிக்கு அடியில் கிடந்தது, ஒருவரிடமும் நான் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. அன்று சாயங்காலமே அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் வந்து அவளிடம் சொல்வார்களோ என்று பயமாக இருந்தது.