ரெங்கசாமி மாமா படிக்காத கடிதம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் முதலில் படிப்பவர் ரெங்கசாமி மாமாதான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து பையில் போட்டு வீடு வீடாகக் கொடுப்பது இருபத்தெட்டு வருசம் அவர் வேலை. வழியில் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் உட்கார்ந்து, ஈரக் கையால் உறையைத் தடவித் திறந்து படித்துவிட்டு, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிடுவார். என் அக்கா ஜீவராணியை வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுதிய கடிதம் எங்கள் கைக்கு வருவதற்குள் மேல் லயத்துப் பெண்கள் உச்சுக் கொட்டி முடித்திருந்தார்கள். கேட்டால், "சத்தியமா நான் படிக்கலம்மா" என்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குப் போன வருசம் ஒரு ரகசியம் வந்து சேர்ந்தது. மனைவி போய் ஒன்பது வருசம். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பெரகலயில் பஸ் மாறுவார். அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ராசம்மா அக்காவும் புருசனை இழந்தவர். மாமா வர வர இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏற ஆரம்பித்தார். கல்யாணம் கேட்க வேண்டும், ஆனால் அறுபத்திரண்டு வயதில் கேட்டு, ராசம்மா அக்கா முடியாது என்று சொல்லி, அது தோட்டத்துக்குத் தெரிந்தால் தலை தூக்கி நடக்க முடியாது. போனில் பேசவும் வழியில்லை. எங்கள் லயத்தில் முதல் காம்பரா வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள்.

பண்டாரவளையில் போன் கடை வைத்திருக்கும் ஸரூக்கிடம் போனார்.

"தம்பி, ஈமெயில் எழுதணும். ஆனா வழியில ஒடச்சுப் படிப்பானுங்க."

"யாரு ஐயா படிக்கிறது?"

"இருப்பானுங்க தம்பி. எனக்குத் தெரியும்."

ஸரூக் அவர் போனில் ஒரு பூட்டுப் போட்டுக் கொடுத்தான். பிறகு, சாமான் வாங்கப் பண்டாரவளை வந்த ராசம்மா அக்காவின் போனிலும் மாமா சொல்லி அதே பூட்டு. "நீங்க உள்ள எழுதுறது இங்கயே பூட்டிரும், அவங்க போன்ல மட்டுந்தான் தொறக்கும். நடுவுல எவன் புடிச்சாலும் கோழி கிளறுன மாதிரிதான் தெரியும். பாஸ்வர்ட மறந்தா மட்டும் ஒங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. அப்புறம், மேல 'விடயம்'னு இருக்கிற வரி பூட்டுல சேராது ஐயா."

பூட்டு என்ற சொல்லிலேயே மாமாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. மிச்சத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆபீஸ் கடிதங்களைப் பார்த்தே பழகியவர் அவர். விடயத்தை விவரமாக எழுதாத கடிதத்தைத் தோட்ட மனேஜர் பெரியதுரை குப்பையில் போடுவார் என்பது அவர் கண்ட வேதம். ஆகவே மேல் வரியில் எழுதினார்: 'விடயம்: ரெங்கசாமி ஆகிய நான் திருமதி ராசம்மா அவர்களை மறுமணம் செய்ய விரும்புதல் தொடர்பானது.' பூட்டுக்கு உள்ளே எழுதியது ஒரே வரி: 'மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறேன்.'

ராசம்மா அக்காவின் போன் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. மணி அடித்தது, திரையில் மேல் வரி வந்தது. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் விஜேந்திரன் அதை வாய்விட்டே வாசித்தான். அவன் பஸ் எங்கள் பக்கம் வந்து திரும்பியதும் கொழுந்து நிறுக்கிற இடத்தில் மாமாவைப் பெண்கள் வளைத்துக்கொண்டார்கள்.

"எவன்டி ஒடச்சான்?" என்று கத்தினார் மாமா.

"யாரும் ஒடைக்கல மாமா. நீங்கதான் ஒறை மேலயே எழுதிட்டீங்களாமே!" என்றாள் என் அக்கா. அவ்வளவு சிரித்து அவளை நான் பார்த்ததில்லை.

நாலாம் நாள் பதில் வந்தது. ராசம்மா அக்கா விவரமானவர், மேல் வரியில் 'பதில்' என்று மட்டும் போட்டிருந்தார். திறக்கப் போனால் பாஸ்வர்ட் மறந்துவிட்டது. காகிதத்தில் எழுதியதன் கதி என்ன ஆகும் என்று தெரிந்தவர், எங்கேயும் எழுதி வைக்கவில்லை. செத்த மனைவியின் பெயர், மாட்டின் பெயர், கதிர்காமக் கந்தன், எல்லாம் போட்டுப் பார்த்தார். வாசலில் லயமே நின்று ஆளுக்கொரு சொல் எடுத்துக் கொடுத்தது. அவரைக் கூட்டிக்கொண்டு ஸரூக்கிடம் போனேன். "அந்தக் கம்பனிக்காரனாலயே தொறக்க முடியாது ஐயா" என்று கையை விரித்துவிட்டான்.

எனக்கு முதலில் நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் தனக்கு வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க முடியாமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது.

"தம்பி, ஒங்க அக்கா கடுதாசிய நாந்தான் படிச்சேன்" என்றார் என்னிடம் திடீரென்று.

"தெரியும் மாமா. வாங்க, பெரகலக்குப் போவோம். நேர்லயே கேட்டுருவோம்."

கடையில் நல்ல கூட்டம். விஜேந்திரனும் இருந்தான். ராசம்மா அக்கா ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியை நிறுத்தி, "படிச்சீங்களா?" என்று கேட்டார்.

"சத்தியமா நான் படிக்கலம்மா."

கடையே குலுங்கிச் சிரித்தது. "ஊரு கடுதாசியெல்லாம் படிச்ச மனுசன், ஒங்களுக்கு வந்தத மட்டும் படிக்கலியா?" என்றார் ராசம்மா அக்கா. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உண்மைதான் அக்கா, அவரு படிக்கல. நான் சாட்சி" என்றேன். அவருக்காக இப்படிச் சொல்வேன் என்று நானே நினைத்ததில்லை.

ராசம்மா அக்கா ஆற்றிய தேத்தண்ணியை மாமா முன்னால் வைத்தார். "சரிங்கன்னுதான் எழுதியிருந்தேன். தையில வெச்சுக்கலாம்."

மாமா மூக்கை உறிஞ்சினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற என்ன எழுதியிருந்தீங்க?" என்றார்.

"அது பூட்டியே கெடக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் அப்புத்தளை தாண்டும்வரை அவர் பாஸ்வர்ட் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.