தனலட்சுமி முடிக்காத புத்தகம்

செய்தி வந்தபோது நான் கல்லூரி நூலகத்தில் புதிதாக வந்த புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அழைக்கிறார்கள் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொன்னார். போய் எடுத்தேன். தனத்தின் கணவர் பழனிசாமி. "அக்கா, தனம் போயிட்டாளுங்க" என்றார். எப்போது என்று கேட்டேன். "காத்தாலைங்க. காப்பி கொண்டுட்டுப் போயி எழுப்புனனுங்க. எந்திரிக்கல." தொலைபேசியை வைத்துவிட இருவருக்கும் மனம் வரவில்லை. பின்னால் யாரோ அழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தப் பத்திரிகையின் புத்தகப் பக்கங்களில் தனலட்சுமியின் மதிப்புரைகளைப் படித்தவர்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தொலைக்காட்சி, கேசட், கணினி, விளம்பரம் என்று எதைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் வந்தாலும் அதைத் தேடிப் பிடித்துப் படித்து, நல்லதை நல்லது என்றும் பொய்யைப் பொய் என்றும் எழுதியவள். எங்கள் பீளமேட்டுக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தாள். நான் அங்கே நூலகர். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதுப் புத்தகக் கட்டு வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், வகுப்பு முடிந்த கையோடு வந்து நிற்பாள். "நம்பர் அப்பறம் போட்டுக்கலாங்கக்கா, மொதல்ல நான் பார்த்துக்கறேன்" என்பாள். விதிப்படி அது தவறு. எடுத்துப் போ என்று கொடுத்துவிடுவேன். மறுநாளே திரும்பி வரும். அதோடு அவள் கோபமும் வரும். "அக்கா, இந்த ஆளு டிவியப் பத்தி இத்தாச்சோடு தடிப் புஸ்தகம் எழுதியிருக்காரு. ஒரு ஊட்டுக்குள்ளயாவது போயிப் பார்த்திருக்காரான்னு தெரியலீங்க."

ஒருமுறை ஆசிரியர்கள் அறையில் மூத்த பேராசிரியர் ஒருவர், டிவிக்கெல்லாம் எதற்குப் புத்தகம் என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். தனம் சிரிக்கவில்லை. "மழை பேயலைன்னா எழுதறமுங்க. பஞ்சு வெல ஏறுனா எழுதறமுங்க. ஊரே பொழுதுக்கும் ஒண்ணயே பார்த்துட்டு உக்காந்திருக்குது, அதப் பத்தி மட்டும் எழுத வேண்டாங்களா?" என்றாள். பேராசிரியர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம், "அக்கா, டிவி ஓடிட்டு இருக்கறப்பவே அதப் பத்தி எழுதிப் போடோணும். எல்லாம் ஓஞ்சதுக்கப்பறம் எழுதுனா அது கருமாதிக்குச் சோறாக்கற மாதிரி" என்றாள்.

அப்படித்தான் அவள் தன் புத்தகத்தைத் தொடங்கினாள். கேபிள் கம்பி எங்கள் பக்கத்துத் தெருக்களில் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்த காலம். மில்லுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளுக்கு மாலை நேரங்களில் போவாள். சில நாள் என்னையும் கூட்டிப் போனாள். யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே நிபந்தனைதான்: "எட்டு மணிக்குப் பேசாதீங்க." எட்டு மணிக்கு நாடகம். அந்தச் சொற்களையே அவள் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தாள்.

நாடகம் ஓடும்போது பெட்டிக்கு முதுகைக் காட்டி, வீட்டாரின் முகங்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வாள். மாராத்தாள் என்று ஒரு பெண், மில் தொழிலாளியின் மனைவி, அவளுக்கு இது பெரிய விசித்திரமாகப் பட்டது.

"ஏனுங்க, நீங்க பார்க்கலீங்களா?"

"நான் உங்களப் பார்க்க வந்தனுங்க."

மாராத்தாள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாடகம் முடிந்த பிறகு அவளாகவே சொன்னாள்: "எங்க மாமியாளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க. இந்த நாடகத்துல வர்ற மாமியாளத் திட்டறப்ப மட்டும் ரெண்டு பேரும் ஒரு கச்சிங்க." மூலையில் உட்கார்ந்திருந்த மாமியார் மறுக்கவில்லை. தனம் அதை அப்படியே, ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதினாள். கெட்டுப்போனார்கள் என்றும் எழுதவில்லை, முன்னேறினார்கள் என்றும் எழுதவில்லை.

ஏழு அத்தியாயங்களை எழுதி முடித்தாள். மீதி இருந்தது கடைசி அத்தியாயம் ஒன்றுதான். அதில் என்ன எழுதப்போகிறாய் என்று கேட்டேன். "அதுதாங்கக்கா புஸ்தகமே. மத்ததெல்லாம் அதுக்குப் போற வழி" என்றாள். சொல்லேன் என்றேன். "எழுதிப்போட்டுச் சொல்றனுங்க. முன்னாடியே சொன்னா ஆறிப்போயிரும்." நான் வற்புறுத்தவில்லை. அவள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கல்லூரி விடுமுறை வரப்போகிறது. யாருக்குத்தான் அவசரம்?

விடுமுறையின் முதல் வாரத்தில் ஒரு காலை, கணவரிடம் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறாள். வாயில் வேறு ஏதோ வந்திருக்கிறது. அவர் சிரித்தாராம். அவளும் சிரித்தாளாம். மறுபடி கேட்டபோதும் கண்ணாடி என்ற சொல் வரவில்லை. பிறகு வலது கை தொங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். மூளையில் பேச்சுக்கான இடத்தில் ரத்தம் போகாமல் அடைத்திருக்கிறது. நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரியும். அவர் சொல்ல நினைப்பதுதான் வெளியே வராது. எழுதவும் வராது. "சரியாயிருமுங்களா?" என்று பழனிசாமி கேட்டார். காலம்தான் பதில் சொல்லும் என்றார் டாக்டர்.

அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். 'அப்புறம்.' பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டிச் சிரித்துக்கொண்டே அப்புறம். அவள் அதைச் சொல்லும் விதத்திலிருந்து நாங்கள் ஊகிக்கப் பழகினோம். பாதி நாள் ஊகம் தப்பும். தப்பினால் கண்ணை மூடிக்கொள்வாள்.

காந்திபுரத்திலிருந்து பதிப்பாளர் வந்தார். நல்ல மனிதர். அவள் எதிரில் எதையும் பேசவில்லை. வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "மேடம், இப்ப விட்டா புஸ்தகம் பழசாயிருமுங்க. மாசத்துக்கொரு சேனல் வருது. அவங்களோட நீங்கதான் போயிட்டு வந்தீங்க. கடைசி அத்தியாயத்த நீங்க எழுதிக் குடுத்துருங்க." அவர் சொன்னதில் தப்பில்லை. தனம் பேச்சோடு இருந்திருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

முதலில் அவளிடமே கேட்டுப் பார்த்தேன். குழந்தைகளைப் பற்றியதா கண்ணு? தலையாட்டினாள். விளம்பரத்தைப் பற்றியதா? அதற்கும் தலையாட்டினாள். பிறகுதான் ஆமாவும் இல்லையும்கூட அவளிடம் இடம் மாறிக் கிடப்பது எனக்குப் புரிந்தது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம், அப்புறம்" என்று கெஞ்சுவது போலச் சொன்னாள். அவள் கண்ணுக்குப் பின்னால் அந்த அத்தியாயம் முழுதாக இருந்தது. ஒரு வரியைக்கூட வெளியே எடுக்க அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

நானே எழுதினேன். எழுதியதை எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்திலேயே இடது கையை என் தாள்மேல் வைத்துத் தள்ளினாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான். அது வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வேறு விதமாக எழுதிப் போனேன். அதையும் தள்ளினாள். மூன்றாவதைப் படித்தபோது அவள் கேட்கவே இல்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நீர் வழிந்தது. துடைக்க எழுந்த வலது கை பாதியிலேயே நின்றது. நான் துடைத்துவிட்டேன். அதற்குமேல் நான் எழுதவில்லை.

புத்தகம் ஏழு அத்தியாயங்களோடு வந்தது. முடிவுரை இல்லாதது ஒரு குறை என்று ஒரு நாளிதழில் மதிப்புரை எழுதினார்கள். உண்மைதான். அதை எழுதியவருக்கு விவரம் தெரியாது.

பழனிசாமிக்கு ஆவாரம்பாளையத்தில் மோட்டார் பட்டறை. கம்பெனிக் கேட்லாக்கைத் தவிர அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. புத்தகம் வந்த பிறகு தினமும் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு, அவள் கட்டிலருகே உட்கார்ந்து அவளுக்கே அதைப் படித்துக் காட்டினார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஒரு வரி விட்டுப்போனால் அவள் அவர் மணிக்கட்டில் தட்டுவாள். திரும்பப் படிப்பார். ஒருநாள் என்னை வழியனுப்ப பஸ் நிறுத்தம்வரை வந்தவர் சொன்னார்: "இத்தன வருசம் பக்கத்துலயே உக்காந்து எழுதுனாளுங்க. ஒரு நாளும் என்னன்னு கேட்டதில்லீங்க. கேட்டிருந்தா அந்தக் கடேசிப் பாடம் இன்னதுன்னு எனக்காச்சும் தெரிஞ்சிருக்குமுங்களே, அக்கா." பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன்.

ஒரு நல்ல நாளையும் சொல்ல வேண்டும். தன் வீட்டுக் கதை அச்சில் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு மாராத்தாள் தேடிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சீப்புப் பழம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "எங்க ஊடு எந்தப் பக்கத்துலீங்க வருது?" என்று தனத்தைக் கேட்டாள். தனம் புத்தகத்தை வாங்கி, இடது கையால் புரட்டி, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள். நான் படித்தேன். மாமியாரும் மருமகளும் ஒரு கட்சியான இடம் வந்தபோது மாராத்தாள், "நான் இப்படியேதான் பேசுனனுங்களா?" என்று சிரித்தாள். தனமும் சிரித்தாள். அவள் சிரிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பழைய சிரிப்பாகவே இருந்தது. "மாமியா போன மாசம் தவறிட்டாங்க. இப்ப நாடகத்தத் தனியாத்தான் பார்க்கறனுங்க. முன்ன மாதிரி இல்லீங்க" என்றாள் மாராத்தாள். தனம் நிமிர்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்தாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். கேட்க வேண்டிய கேள்வி அவளிடம் இருந்தது. நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை.

மறுபடி ஒருமுறை அதே போல அடைப்பு வரலாம் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். வந்தது.

சாவு வீட்டில் அவள் ஊரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் என்னருகே உட்கார்ந்தார். "பாப்பா என்னமோ புஸ்தகம் எழுதுச்சாமா. எதப் பத்தீங்க?" டிவியைப் பற்றி என்றேன். "அதுக்கெதுக்குங்க புஸ்தகம்?" என்றார். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தனம் அன்று பேராசிரியருக்குச் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். இருந்தும் அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் அது என் வாயில் வரவில்லை. அவர் எழுந்து போனார்.

போன வாரம் பழனிசாமி நூலகத்துக்கு வந்தார். கையில் ஒரு தபால் பொட்டலம். சென்னையிலிருந்து ஒரு பதிப்பகம் மதிப்புரைக்காகத் தனத்தின் பெயருக்கு அனுப்பியது. "என்ன செய்யறதுன்னு தெரியலீங்க. திருப்பி அனுப்ப மனசு வரல. நீங்க வெச்சுக்குங்க" என்றார். அவர் போன பிறகு பிரித்தேன். கணினி நம் வாழ்க்கைக்குள் வரப்போவதைப் பற்றிய புத்தகம். மூன்றாம் அத்தியாயத்தில், வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இதில் எந்த வேலையும் இராது என்று ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எந்த வீட்டில் போய் இதைக் கண்டுபிடித்தார் என்று எனக்குக் கோபம் வந்தது. பென்சிலை எடுத்து வரியின் கீழே கோடு போட்டேன். ஓரத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கோபம் என்னுடையதில்லை, அவளுடையது. இத்தனை வருடத்தில் எப்போது எனக்குத் தந்தாளோ, தெரியாது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லித்தர அவளுக்கு நேரமில்லாமல் போய்விட்டது.