கெடாருக்குப் போன இரும்பு முட்டி

2009, மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் கோயம்பேட்டில் விழுப்புரம் பஸ் ஏறினேன். திண்டிவனத்துக்கு டிக்கெட் நாற்பத்திரண்டு ரூபாய். கோபத்தோடு கிளம்பிய பயணம் இது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் தலைவி, எலும்பிலும் தசையிலும் வரும் புற்றுக்கட்டிகளை ஆராய்கிற ஒரு டாக்டரம்மா. முட்டியருகே கட்டி என்றால் தொடையோடு காலை எடுப்பதுதான் வழி என்றிருந்த காலத்தில், எவ்வளவு எலும்பை வெட்டினால் போதும், மிச்சக் காலை எப்படிக் காப்பாற்றலாம் என்று தேடத் தொடங்கியவர். வெட்டிய இடத்தில் உலோக முட்டி வைப்பார்கள். முந்தின வாரம் மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்தது. இந்த ஆராய்ச்சியால் என்ன தாக்கம் என்று கேட்டது, பிஸ்கட் தின்றது, போய்விட்டது. டாக்டரம்மா அவர்களோடு மல்லுக்கட்டவில்லை; எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. அவர்கள் போனதும் என்னிடம், "ஸ்டெல்லா ஏன் வரலை?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்டெல்லா கெடார் பக்கத்துப் பெண். பதினேழு வயது. மருந்து ஏற்றி முடித்து, வருகிற திங்கட்கிழமை அறுவைக்கு நாள் குறித்திருந்தது. ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. போனையும் யாரும் எடுக்கவில்லை. நாள் தள்ளினால் கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிக்கொள்ளும். பிறகு கால் மிஞ்சாது, உயிருக்கும் உத்தரவாதமில்லை.

எட்டரை மணிக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் மைமூன் அக்கா டீக்கிளாசோடு நின்றிருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், கணவர் ஷார்ஜாவில். எட்டு வருடத்துக்கு முன் டாக்டரம்மா கையால் அதே உலோக முட்டி வைத்துக்கொண்டவர். நான் போனில் கேட்ட ஒரே வார்த்தைக்கு நாற்பது கிலோமீட்டர் வந்திருந்தார்.

"வா டாக்டரு."

"நான் டாக்டர் இல்லக்கா."

"தெரியும். டாக்டரா இருந்தா பஸ்ஸுலயா வருவ? ஜல்தியா டீயக் குடி."

என் திட்டம் எளிது. மைமூன் அக்கா அந்த வீட்டு வாசலில் நாலு அடி நடந்தால் போதும், எந்தப் பயமும் ஓடிவிடும். ஆய்வுக் கட்டுரையை யார் படிக்கிறார்கள், காலைத்தான் பார்ப்பார்கள்.

விழுப்புரத்தில் இறங்கி, திருவண்ணாமலை போகும் பஸ்ஸுக்கு மாறினோம். கெடார் அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கரும்பும், மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலையும் பச்சையாக நின்றன. இறங்கி உள்கிராமத்துக்கு ஆட்டோ. முப்பது ரூபாய் கேட்டவரிடம் மைமூன் அக்கா பேரம் பேசி, கடைசியில் முப்பதே கொடுத்தோம்.

பதினொன்றரை. ஸ்டெல்லாவின் அம்மா லூர்துமேரி முற்றத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்டெல்லா, தலையில் துண்டு, வலது காலை ஸ்டூலின் மேல் நீட்டியபடி. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அம்மாவின் முகம் இறுகியது.

நான் மூச்சு விடாமல் பேசினேன். மைமூன் அக்கா வேலி வரை நடந்து திரும்பினார். புடவை கட்டிய எந்தப் பெண்ணும் நடப்பது போன்ற நடை.

லூர்துமேரி முறத்தைக் கீழே வைத்தார். "நடக்கறது இருக்கட்டும். முழங்கால் போட்டுக் காட்டும்மா."

அந்த முட்டி நாற்காலியில் உட்கார மடங்கும், மண்டியிட ஆகாது.

"பொருத்தனை வெச்சிருக்கேன்," என்றார் லூர்துமேரி. "இவளுக்கு சரியானா, கோயில் வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் முழங்காலாலயே வருவான்னு மாதாகிட்ட சொல்லிட்டேன். ஆப்ரேஷன் பண்ணா முழங்கால் போடுவாளான்னு உங்க டாக்டரம்மாவக் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. குடுக்க முடியாதத சொல்லிட்டு மாதாகிட்ட எப்படிம்மா வரம் கேக்கறது? அதான் கூட்டிக்கினு வந்துட்டேன்."

முடியும் என்று ஒரு பொய் சொல்ல நாக்கு துடித்தது. திங்கட்கிழமைக்கு அது போதும். மைமூன் அக்கா முந்திக்கொண்டார்.

"முடியாதுங்க. டாக்டரம்மா நெசத்ததான் சொன்னாங்க. நான் சேர்ல உக்காந்துக்கினுதான் தொழுவறேன். இதுவரைக்கும் எந்தத் தொழுகையும் திரும்பி வரல."

"உங்க சாமி வேற."

"சாமி வேறயா இருக்கட்டும்ங்க. முட்டி ஒரே கடையில வாங்கனதுதான்."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்றதும் அவள் குரல் மாறியது.

"பொருத்தனை வெச்சது யாருமா?"

"நான்தான்."

"என்னக் கேட்டியா? எம்முட்டிய நீ எப்படி எழுதிக் குடுத்த? உனக்கு ரெண்டு இருக்குதே, அதப் போடு."

"எனக்கு வாதம்டி."

"மெதுவாப் போ. மாதாவுக்கு என்ன பஸ்ஸா போயிடுது?" நாற்காலியின் கையைப் பிடித்து அவள் எழுந்து நின்றாள். வலி முகத்தில் ஓடியது, உட்காரவில்லை. "நான் நின்னுக்கினே கும்புடுவேன். நிக்கறதுக்குக் கால் வேணும். நீ வரலன்னா இவங்களோட போறேன்."

லூர்துமேரி மகளின் காலைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த தோலை உதறிவிட்டு உள்ளே போனார். எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பக்கம் பஸ் எத்தினி மணிக்கு?"

அந்தக் குழு என்னோடு வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. டாக்டரம்மா ஒரு தாயிடம் முடியாது என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்த உண்மையால் நோயாளியையே இழக்க இருந்தார். அதே உண்மையை வைத்துக்கொண்டுதான் அவளை மீட்டோம். இதைப் போட எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. இல்லாவிட்டால் போகட்டும்.

இரண்டே காலுக்கு விழுப்புரம் பஸ், நிரம்பி வழிந்தது. மைமூன் அக்கா ஒரு கல்லூரிப் பையனை எழுப்பி வழியோரத்து இருக்கையில் ஸ்டெல்லாவை உட்கார வைத்தார். கால் நடைபாதையில் நீண்டு கிடந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே நெருங்கி வந்தார்.

"கால மடக்கிக்கம்மா, வழியில நீட்டிக்கினு. பேஜாரா இருக்குது."

"மடக்க முடியாதுண்ணே," என்றாள் ஸ்டெல்லா. "தாண்டிப் போங்க."

அவர் தாண்டிப் போனார்.