காலைக் கொழுந்து நிறுத்தீங்களா?

இங்கே நோயாளி வருவதற்கு முன்பே கட்டில் தயாராகக் காத்திருக்கிறது. ஊரில் சொன்னால் "போ புள்ள, கத வுடாத" என்பார்கள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரத்தில், நான் தாதியாக வேலை செய்யும் அவசர சிகிச்சைப் பிரிவில், சுவரோரம் ஒரு சிவப்பு டெலிபோன் இருக்கிறது. அது அடித்தால் ஆம்புலன்ஸ்காரர்கள் பேசுகிறார்கள் என்று பொருள். எழுபது வயதுப் பெண், மூச்சுத் திணறல், பத்து நிமிடத்தில் வந்துவிடுவோம் என்பார்கள். உடனே ஏழெட்டுப் பேர் காலிக் கட்டிலைச் சுற்றிக் கூடுவோம். ஆளுக்கொரு ஸ்டிக்கரில் பெயரையும் வேலையையும் எழுதி ஏப்ரனில் ஒட்டிக்கொள்வோம். மூச்சைப் பார்க்க ஒருவர், ஊசி ஏற்ற ஒருவர், நேரத்தைக் குறிக்க மட்டுமே ஒருவர். எல்லாம் முடிந்ததும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்போம். நான் வந்து ஆறு வருடமாகிறது. அந்தச் சும்மா நிற்கும் இரண்டு நிமிடத்தில் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. முகம் தெரியாத ஒரு கிழவிக்கு இத்தனை பேரா? எங்கள் ஆட்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்? நல்ல தாதிக்கு இப்படியெல்லாம் தோன்றக் கூடாதுதான். தோன்றுகிறதே, என்ன செய்ய?

நான் இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க முந்நூறு படி. யாருக்காவது ஆபத்து என்றால் நாற்காலியில் உட்கார வைத்து, சேலையால் கட்டி, நான்கு ஆண்கள் தூக்கி வருவார்கள். கீழே கொழுந்து லொறி நின்றால் அதிர்ஷ்டம். தேயிலைச் சாக்குகளுக்கு நடுவே படுக்க வைத்து, அத்தனை வளைவும் சுற்றி, பதுளைக்குப் போய்ச் சேர வேண்டும். இப்போது ஆம்புலன்ஸ் வருகிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது ரோட்டோடு நின்றுவிடும். அந்த முந்நூறு படி இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

இங்கே வருவதற்கு முன் பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நான்கு வருடம் வேலை செய்தேன். என்னோடு சாந்தி இருந்தாள். பூனாகலைப் பக்கத்து லயத்துப் பிள்ளை. குட்டையான உருவம், பெரிய சத்தம். நாங்கள் இருவரும் தோட்டத்து ஆட்களைப் பார்க்கும் விதமே வேறு. டொக்டர்மார் வந்து "வலிக்குதா?" என்று கேட்டால் எங்கள் பெண்கள் "ஒன்னுமில்லீங்க, லேசா வாய்வு" என்பார்கள். செத்துக்கொண்டிருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். மலையில் நோவு என்று சொன்னால் வேலைக்கள்ளி என்று பெயர் வரும். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகிய வாய். அதனால் சாந்தி வலியைப் பற்றிக் கேட்கவே மாட்டாள். பக்கத்தில் குந்தி, ஊர்க்கதை பேசுவது போல, "அம்மா, காலக் கொழுந்து நிறுத்தீங்களா?" என்பாள். விடிய எழும்பிப் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்தால்தான் அன்றைய வேலைக்குப் பேர் விழும், சம்பளம் கிடைக்கும். கூடையை நிறுக்காமல் ஒரு தோட்டத்துப் பெண் மலையை விட்டு இறங்கினாள் என்றால் அவள் உயிர் ஊசலாடுகிறது என்று அர்த்தம். "இல்ல மிஸ், நிறுக்கல" என்று பதில் வந்தால் சாந்தி அடுத்த கேள்வி கேட்க மாட்டாள். ட்ரொலியை இழுத்துக்கொண்டு ஓடுவாள். டொக்டர்மார் முதலில் சிரித்தார்கள். பிறகு அவள் ஓடினால் அவர்களும் பின்னால் ஓடினார்கள்.

அந்தக் கேள்வி சாந்தியுடையது. ஒரே இடத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே நானும், எனக்கேன் அது தோன்றவில்லை என்று அப்போதே ஒரு புகைச்சல். வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது அவளையும் கூப்பிட்டேன். "நீ போ ரீட்டா. நானும் வந்துட்டா நம்மாளுங்க பேச்சு இங்க யாருக்குப் புரியும்?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது.

போன வருடம் ஒரு புதன்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவுக்குப் போனில் கோல் எடுத்தேன். அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. குரல் சோர்ந்திருந்தது.

"என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒன்னுமில்ல புள்ள. முதுகுல லேசா புடிப்பு. வாய்வுதான்."

இங்கே ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்கும் கேள்வி வாயில் தயாராக இருந்தது. "ஒன்னுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லு, வலி எத்தன?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு வச்சுக்கயேன்."

இரண்டு! நிம்மதியாகக் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். எனக்குக் காலை ஆறரை என்றால் அங்கே பதினொரு மணி. வேலை நாளில், பதினொரு மணிக்கு, என் அம்மா லயத்துக் காம்பிராவில் படுத்துக்கொண்டு போனுக்குப் பதில் சொல்கிறாள். மலையில் இருக்க வேண்டியவள் வீட்டில் எப்படி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. லயத்தில் பிறந்தவள், ஏறக்குறைய பத்து வருடம் அவசரப் பிரிவில் குப்பை கொட்டியவள், பெற்ற தாயிடம் நம்பர் கேட்டுவிட்டுப் போய்விட்டேன்.

அம்மா அதற்கப்புறம் முந்நூறு படியும் தானே இறங்கி, பக்கத்து வீட்டு அக்காவோடு பஸ் பிடித்துப் பதுளைக்குப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தடிமன், சளி, இருமல்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கமாக வந்த சாந்தி கண்டுகொண்டாள்.

"அட, ரீட்டா அம்மா! என்னா இந்தப் பக்கம்?"

"சும்மாதான் ஆயி. வாய்வு மாத்திர எடுத்துட்டுப் போகலாம்னு."

"சரி சரி. காலக் கொழுந்து நிறுத்தீங்களா?"

"எங்க? பக்கத்து நெரயில பறிக்கிற புள்ளகிட்ட கூடையக் குடுத்துட்டு எறங்கிட்டேன்."

அவ்வளவுதான். சாந்தி ட்ரொலியைக் கொண்டு வந்துவிட்டாள். மாரடைப்பு. கட்டிலில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றே போயிருக்கிறது. நெஞ்சை அழுத்தியது சாந்தி. மின்சார அதிர்ச்சி இரண்டு முறை கொடுத்திருக்கிறார்கள். அதே நேரத்தில் நான் இங்கே ஏப்ரனில் பெயரை ஒட்டிக்கொண்டு, ஏழு பேரில் ஒருத்தியாக, யாரோ ஒருவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து போனைத் திறந்தால் சாந்தியின் குரல்பதிவு. "பயப்படாத ரீட்டா. அம்மா இருக்காங்க. தேத்தண்ணி கேட்டுச் சண்ட போடுறாங்க." கூடவே ஒரு படம். அம்மா கட்டிலில், நெஞ்சில் வயர்கள். படத்தின் ஓரத்தில் ஒரு கை அம்மாவின் கையைப் பிடித்திருந்தது, சாந்தியின் கை. படத்தைப் பெரிதாக்கி அந்தக் கையையே பார்த்தேன். சந்தோஷத்தில் அழுதேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். சந்தோஷமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் அம்மாவின் கையைப் பிடிக்க இவள் யார் என்றும் தோன்றியது. தாயைக் காப்பாற்றியவள்மேல் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதைப் படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகள் யாராவது, நானும்தான் என்றால், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அம்மா தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். சாந்தி லீவு நாளில் எங்கள் லயத்துக்கு ஏறிப் போய் மாத்திரைகளைப் பார்த்து அடுக்கி வைக்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுக்கிறேன்.

"வலி இருக்காம்மா?"

"ஒனக்கு ரெண்டுன்னு வச்சுக்க."

"அப்ப சாந்திக்கு?"

"அவகிட்ட உள்ளதச் சொல்லிட்டேன். அவ கிட்டத்துல இருக்கா புள்ள. ஒன்கிட்ட சொல்லி, நீ அங்க கெடந்து என்னா பண்ணுவ?"

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் எடுத்தேன். லைன் பிஸி. யாரோடு பேசிக்கொண்டிருந்திருப்பாள் என்று சொல்ல வேண்டுமா?

போன மாதம் ஒரு முற்பகல். எங்கள் பிரிவுக்கு ஒரு வெள்ளைக்கார விவசாயி தனியாக ஜீப் ஓட்டிக்கொண்டு வந்தார். எண்பது வயதை நெருங்கும் மனிதர், தொப்பியை மடியில் வைத்து மரியாதையாக உட்கார்ந்திருந்தார். வலி எத்தனை என்றேன். "ஓ, மூன்று இருக்கும். நாட் டூ பேட்." அப்படியென்றால் காத்திருப்போர் வரிசை. எழுதப் போன பேனா நின்றுவிட்டது. அந்த "நாட் டூ பேட்" எனக்குத் தெரிந்த வாய்வு போலவே இருந்தது.

"இன்றைக்குக் காலையில் எந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

நான் அவரைச் சோம்பேறி என்று கண்டிப்பதாக நினைத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. "ஆடுகளில் பாதிக்குத்தான் தீனி வைத்தேன். வழக்கமாக அப்படிச் செய்பவனில்லை" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

நான் ட்ரொலியை இழுத்துக்கொண்டு ஓடினேன். நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய இரத்தக் குழாயின் சுவர் கிழிந்துகொண்டிருந்தது. அந்தக் காலிக் கட்டிலில் அவரைப் போட்டோம், ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டோம். அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக ஹெலிகொப்டர் கேட்டாயிற்று. இரத்த அழுத்தத்தை இறக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டே பெரிய டொக்டர், "இந்தக் கேள்வியை எங்கே படித்தாய்?" என்றார். "அனுபவம்" என்றேன். சாந்தி என்ற பெயர் நாக்குவரை வந்து திரும்பிப் போய்விட்டது. இன்றுவரை சாந்தியிடமும் சொல்லவில்லை.

ஹெலிகொப்டருக்குக் காத்திருந்தபோது விவசாயியின் போன் அடித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து மகள். ஒரு கையில் வயர், மறு கையால் என் விரல்களைப் பிடித்திருந்தார். அதனால் நான்தான் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "காலையில் பேசினேனே! ஒன்றுமில்லை என்றாரே! உங்களிடம் மட்டும் எப்படிச் சொன்னார்?" என்றாள். "எனக்கு அப்பாவைப் பார்க்க வேண்டும், கேமராவைப் போடுங்கள்" என்றாள்.

அந்தப் படத்தில் என்ன தெரியும் என்று இந்த உலகத்தில் எனக்குத் தெரிகிற அளவுக்கு யாருக்குத் தெரியும்? கேமராவைப் போடுவதற்கு முன், படத்தின் ஓரத்தில் விழாதபடி மெதுவாக என் கையை இழுத்தேன். கிழவர் விடவில்லை.